எண்ணும் சொல்லும்: எல்லைப்புறக் குழந்தைகளை முன்வைத்து ஒரு கருத்து

எண்ணையும் எழுத்தையும் ஓரிணைக் கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. வள்ளுவப் பெருந்தகையும் ஔவை மூதாட்டியும் இவ்விரண்டையும் சேர்த்தே பேசினர்; ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தினார் அல்லர். ஆயினும் பள்ளிக்கூடத்து மணி அடித்ததும் இவ்விரு கண்களும் தனித்தனித் திசை நோக்கத் தொடங்கிவிடுகின்றன. தமிழுக்கு ஒரு பாடவேளை, கணக்குக்கு ஒரு பாடவேளை. தொடக்கப்பள்ளியில் இரண்டையும் நடத்துபவர் ஒரே ஆசிரியர்தாம் எனினும், கையில் எடுக்கும் புத்தகம் மாறியதும் அவரும் வேறோர் ஆளாகிவிடுகிறார். தமிழ்ப் பாடத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறக் கால்மணி நேரம் செலவிடுபவர், கணக்குப் பாடத்தில் வரும் சொற்களுக்கு ஒரு நொடியும் ஒதுக்குவதில்லை. கணக்கில் சொல் ஏது, எண்தானே உள்ளது என்பது நம்முடைய எண்ணம். இவ்வெண்ணம் தவறு என்பதே என் கருத்து. இத்தவற்றின் விலையைக் கொடுப்பவர்கள் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகள்.

திருத்தணியை அடுத்த ஆர்.கே.பேட்டை வட்டாரம் தறிச் சத்தத்தில் விழித்துத் தறிச் சத்தத்தில் உறங்கும் பகுதி. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று எப்பக்கம் திரும்பினும் நெசவாளர் குடும்பங்களே. சில கல் தொலைவில் ஆந்திர எல்லை. இப்பகுதியே சித்தூர் மாவட்டத்தில் இருந்து, எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது என்பது மூத்தோர் அறிந்த வரலாறு. எல்லைக்கோட்டை வரைபடத்தில் போட்டுவிடலாம். வீட்டு மொழியில் போட முடியாது. ஒரே தெருவில் தமிழ் பேசும் வீடும் தெலுங்கு பேசும் வீடும் சுவரை ஒட்டி நிற்கின்றன. உருது பேசும் வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில் அதே தரையில் உட்கார்ந்திருக்கிறது.

அங்கே ஒரு நெசவாளர் இல்லத்தில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவனிடம் 8 பென்சில்கள்; மற்றவனிடம் அவனைவிட 3 குறைவு; அப்படியாயின் மற்றவனிடம் எத்தனை என்பது வினா. சிறுமி 3 என்று எழுதியிருந்தாள். நான் வினாவை இருமுறை படித்துக் காட்டினேன். மீண்டும் 3 என்றே சொன்னாள். தறியில் அமர்ந்திருந்த அவள் தாய் நாடாவை நிறுத்தாமலே, "மூடு தக்குவம்மா" என்றார். மூன்று குறைவு என்பதன் தெலுங்கு அது. சிறுமி உடனே "ஐது" என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "அஞ்சு சார்" என்றாள்.

அவளுக்குக் கழித்தல் தெரியும். எட்டிலிருந்து மூன்று போனால் ஐந்து என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. தெரியாதது 'விட', 'குறைவு' என்னும் இரு சொற்களே. ஆனால் அவளுடைய ஏட்டில் சிவப்பு மையால் தவறு என்று குறிக்கப்படும்போது அது கணக்கில் தவறு என்றே பதிவாகும். மூன்றாம் வகுப்புக்குள் இத்தகைய சிவப்புக் குறிகள் நூறு சேர்ந்துவிட்டால், இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று வீடும் பள்ளியும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிடும். அதன்பின் தார் சுற்றும் ராட்டையின் பக்கம் அப்பிள்ளையை அமர்த்துவது பெற்றோருக்கு எளிதாகிவிடுகிறது.

தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்குத்தானே இந்த இடர், தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு என்ன என்று கேட்கலாம். தமிழ்ப் பிள்ளைக்கு இடர் வேறு வடிவில் வருகிறது. நால்வகைச் செய்முறைகளுக்கு நாம் இட்டுள்ள பெயர்களை எண்ணிப் பாருங்கள். கூட்டுவது என்றாலும் பெருக்குவது என்றாலும் வீட்டில் ஒரே வேலைதான், துடைப்பத்தை எடுப்பது. கூட்டு என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதுமாகும். கழித்தல் என்ற சொல் வீட்டில் எந்தப் பொருளில் வழங்குகிறது என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. முதல் வகுப்பில் அச்சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பே போதும். வகுத்தல் ஒன்றுதான் நற்பேறு பெற்றது. வகுப்பு என்ற சொல்லே அதிலிருந்து வந்ததாகலின், பள்ளியைப் பல வகுப்புகளாகப் பிரித்திருப்பதைக் காட்டியே அதை விளக்கலாம். இப்பெயர்கள் குறையுடையன என்று நான் கூறவில்லை. குவியலாகச் சேர்வதும், பெருகுவதும், நீங்குவதும், பங்காவதும் ஆகிய பொருள்கள் அச்சொற்களின் வேரிலேயே உள்ளன. அந்த வேரைத் தோண்டிக் காட்டும் வேலை தமிழாசிரியருடையது. கணக்கு வேளையில் அவர் தமிழாசிரியராக இருக்க மறுக்கிறார் என்பதே குறை.

இதனினும் நுட்பமானது 'முன்' என்னும் சொல். ஏழுக்கு முன் எண் எது என்று கேட்டால் ஆறு என்று விடை எதிர்பார்க்கிறோம். ஆனால் தரையில் எண்களை வரிசையாக எழுதிக் குழந்தையை ஏழின்மேல் நிறுத்தி, "முன்னே ஓர் அடி வை" என்றால் அது எட்டின்மேல் கால் வைக்கும். காலத்தில் முன் என்பது கடந்துபோனது. இடத்தில் முன் என்பது கண்ணெதிரே இருப்பது. எண்வரிசையில் இவ்விரு பொருளும் மோதிக்கொள்கின்றன. மேல்வகுப்புப் பாடநூல்கள் முன்னி, தொடரி என்று கலைச்சொல் படைத்து இதைத் தீர்த்துக்கொண்டன. முதல் வகுப்புக் குழந்தைக்கு அந்த வாய்ப்பில்லை. அது எட்டு என்று சொன்னால் அதன் அறிவு பழுதன்று. நாம் ஆண்ட சொல் இருபொருள் தருவது.

கடன் வாங்கிக் கழித்தல் என்றொரு முறையும் உண்டல்லவா? பத்தாமிடத்தில் கடன் வாங்கி ஒன்றாமிடத்தில் செலவு செய்கிறோம். பாவு நூலுக்கும் பண்டிகைக்கும் கடன் வாங்கி வாழும் குடும்பத்துப் பிள்ளை, "எப்போது திருப்பித் தருவது?" என்று கேட்டால் ஆசிரியர் என்ன விடை சொல்வார்? வட்டியில்லாக் கடன் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. திருப்பியே தராத கடன் என்பதுதான் நெருடுகிறது. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக மாற்றுகிறோம், நோட்டைச் சில்லறையாக மாற்றுவதுபோல, என்று சொன்னால் சொல்லும் விளங்கும், இடமதிப்பும் விளங்கும்.

எண்ணுப்பெயர்களும் ஆராயத்தக்கன. பத்தும் ஒன்றும் பதினொன்று. இருபதும் மூன்றும் இருபத்துமூன்று. சொல்லைக் கேட்டாலே எண்ணின் கட்டுமானம் தெரிகிறது. ஆங்கிலத்தில் லெவன், டுவெல்வ் என்பவற்றுள் பத்தும் இல்லை, ஒன்றும் இரண்டும் இல்லை. தர்ட்டீன், தர்ட்டி என்னும் இரண்டும் காதில் ஒன்றுபோல் விழுகின்றன. சீன மொழியில் பதினொன்று என்பது பத்து-ஒன்று என்றே வெளிப்படையாக அமைந்திருப்பதால் அம்மொழிக் குழந்தைகள் பத்துக்கு மேற்பட்ட எண்களை ஆங்கிலக் குழந்தைகளினும் விரைவில் கற்கின்றனர் என்பதை 1987இல் மில்லர், ஸ்டிக்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். அவ்வகையில் தமிழ்க் குழந்தை பேறு பெற்றதே. ஆனால் ஓரிடத்தில் நம் மொழியும் காலை வாரிவிடுகிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு என்ன என்று கேட்டால் பல குழந்தைகள் 'எண்பத்துப் பத்து' என்கின்றன. தொண்ணூறு என்ற சொல்லில் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. தொண்ணூறு நூறைவிடப் பெரியது என்று ஒரு குழந்தை வாதிட்டால் அதன் காது கூர்மையானது என்றே கொள்ள வேண்டும். ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பழஞ்சொல் இருந்தது. ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியரே தனிவிதி கூறியிருக்கிறார். முதுகலை மாணவர் புணர்ச்சி இலக்கணத்தில் வியர்த்து நிற்கும் அதே இடத்தில்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் நிற்கிறது!

தெலுங்குப் பிள்ளைக்குத் தொள்ளாயிரத்தில் இந்த இடர் இல்லை. அதன் வீட்டில் தொம்மிதி வந்தலு, அதாவது ஒன்பது நூறுகள். உருதுப் பிள்ளைக்கோ 19, 29, 39, 49 ஆகியன எல்லாம் அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்ற பெயரில் அமைந்தவை. 29ஐக் குறிக்கும் உன்தீஸ் என்ற சொல்லில் முப்பதாகிய தீஸ் ஒலிக்கிறது. அப்பிள்ளை 29 என்று எழுத வேண்டிய இடத்தில் 39 என்று எழுதினால் அதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று மொழிகளின் எண்ணுப்பெயர்களையும் ஆசிரியர் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தாலே, எந்தப் பிள்ளை எங்கே ஏன் தடுக்கி விழுகிறது என்பது புலப்படும்.

அரசு இப்பணியைக் கவனியாமல் இல்லை. கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த பின்னர், 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 2022 ஜூன் 13ஆம் நாள் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலேயே எண்ணும் எழுத்தும் இயக்கத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதல் மூன்று வகுப்புகளுக்கு என்று தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை அவரவர் கற்ற நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் முறை அதில் உண்டு. பாடல், கதை, கைவினை, விளையாட்டு எல்லாம் வகுப்பறைக்குள் வந்துள்ளன. இணையப் பதிவுகளும் மதிப்பீட்டு வேலைகளும் கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டதும் உண்டு. அம்முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை.

என் குறை வேறு. இயக்கத்தின் பெயரில் எண்ணும் எழுத்தும் 'உம்' பெற்று இணைந்து நிற்கின்றன. பயிற்சி நூல்களிலோ அவை பிரிந்தே கிடக்கின்றன. தமிழுக்கு ஒரு பயிற்சி நூல், கணக்குக்கு ஒன்று. எழுத்தில் மலராக இருக்கும் குழந்தை எண்ணில் அரும்பாக இருந்தால், அதற்குக் காரணம் எண்ணா சொல்லா என்று பிரித்தறிய வேண்டும். அந்தச் சிறுமியின் தாய் ஒரே சொல்லில் செய்த சோதனை அதுதான்.

இளமையில் கற்ற கணக்கறிவு பிற்காலக் கல்வி முழுவதையும் தாங்குகிறது என்பது வெறும் உபசார மொழியன்று. அமெரிக்கா, பிரிட்டன், கனடா நாடுகளின் நெடுநாள் ஆய்வுகள் ஆறனைத் தொகுத்து கிரெக் டங்கன் குழுவினர் 2007இல் வெளியிட்ட கட்டுரை, பள்ளியில் சேரும்போது குழந்தைக்குள்ள கணக்குத் திறனே பின்னாளைய தேர்ச்சியை மிகுதியும் முன்னறிவிக்கிறது, மொழித் திறன் அதற்கு அடுத்து நிற்கிறது என்று கண்டது. அத்தகைய கணக்குத் திறன் சொல் வழியாகவே உள்ளே நுழைகிறது. அதிகம், குறைவு, சமம், பாதி, ஒவ்வொன்றாக, மீதி, எத்தனை, எவ்வளவு ஆகிய சொற்கள் விளங்காத குழந்தைக்கு எண் வெறும் கோலமே. எண்ணக்கூடியதற்கு எத்தனை, அளக்கக்கூடியதற்கு எவ்வளவு என்று தமிழ் பிரித்து வைத்திருப்பதே ஒரு கணிதப் பாடம். தெலுங்கிலும் என்னி, எந்த என்று இப்பிரிவு உண்டு. இதைக் கற்பிக்கப் பலகையும் வேண்டா. இரண்டு முட்டையும் ஒரு தம்ளர் தண்ணீரும் போதும்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் இப்பிரிவினை இல்லை என்பது நினைவுகூரத்தக்கது. மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாயால் சொல்லும் முறை அங்கே இருந்தது. 1789இல் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பார் இந்த மணலெழுத்தைப் பார்த்துத் தம் இல்லத்தில் புகுத்தி, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட, அது சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்து வரை சென்றது. எண்சுவடியை மாணவர் ஓதியபோது எண்ணும் அதன் பெயரும் ஒன்றாகவே நாவில் ஏறின. அக்காலத்தைப் பொற்காலம் என்று நான் வாதிட வரவில்லை. பிரம்படியும் இருந்தது, 1822இல் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கெடுப்பில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே இருந்தனர், பல சாதியார்க்குத் திண்ணையில் இடமே இல்லை. கொள்ளத்தக்கது முறை மட்டுமே.

அச்சுவடியின் சொல்வளம் இன்று நம் சமுதாயத்துக்கே பயன்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்லலாம். இருபதில் ஒன்று மா; அதில் பாதி, நாற்பதில் ஒன்று, அரைமா. நாம் ஆண்டுதோறும் கணக்கிடும் ஜகாத் நூற்றுக்கு இரண்டரை, அதாவது நாற்பதில் ஒன்று. தமிழில் அதற்கு ஒரே சொல் இருக்கிறது! மழையால் விளைந்த பயிருக்குரிய உஷர் பத்தில் ஒன்று, அது இருமா. உழைத்து நீரிறைத்து விளைந்ததற்கு இருபதில் ஒன்று, அது மா. மக்கட்பேறு உள்ளவர் இறந்தால் மனைவிக்குரிய பங்கு எட்டில் ஒன்று, அது அரைக்கால். கால், அரை, முக்கால் மட்டுமே இன்று பிழைத்திருக்க, மற்றவற்றை நாம் கைவிட்டோம். வசூல், பாக்கி, அசல், ரசீது என்று அரபு, பாரசீக வழிவந்த கணக்குச் சொற்களைத் தமிழ் தன் வீட்டுச் சொற்களாகவே ஆக்கிக்கொண்டிருக்க, தன் வீட்டுச் சொல்லை நாம் வெளியே தள்ளியது வியப்பே. எழுத்தையே எண்ணாகக் கொள்ளும் வழக்கமும் இரு மரபுக்கும் பொது. அரபியின் அப்ஜத் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 786 பிறந்த வழி அது. தமிழெண்களிலும் க ஒன்று, உ இரண்டு, எ ஏழு, அ எட்டு என்று எழுத்தே எண்ணாக நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வீட்டுச் சொல்லும் தொழிற்சொல்லும் இருந்துவிட்டால் பள்ளிக் கணக்கு தானே வந்துவிடும் என்று நம்பிவிடலாகாது. பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களை 1980களில் ஆராய்ந்தபோது, ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் என்ன விலை என்பதை ஒரு சிறுவன் மும்மூன்றாகக் கூட்டி, 105, 210, 315 என்று ஏறி 350 என்று சரியாகச் சொன்னான். இத்தகைய சிறுவர்களிடம் அதே கணக்கைத் தாளில் தந்தபோது தவறுகள் பெருகின. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடமும் இதுவே காணப்பட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கே உள்ளிட்டோரின் அவ்வாய்வு 2025இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. சந்தைக்குச் செல்லாத பள்ளி மாணவர்களோ தாளில் ஓரளவு செய்துவிட்டுச் சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரு கரைக்கும் நடுவே பாலம் தானாக அமைவதில்லை. ஒருவர் கட்ட வேண்டும்.

ஆர்.கே.பேட்டைப் பிள்ளைக்கு அப்பாலத்தின் முதற்கல் வீட்டிலேயே கிடக்கிறது. 40ஆம் நம்பர் நூலைவிட 60ஆம் நம்பர் நூல் மெல்லியது என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். எண் பெரிதானால் இழை ஏன் மெலிகிறது? ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை ஏறும் என்பதே அந்த நம்பர். அதே எடையில் கூடுதல் நீளம் வேண்டுமாயின் இழை மெலியத்தானே வேண்டும்? இதை எட்டு வயதுப் பிள்ளைக்கு முழுதும் விளக்க இயலாது; ஆனால் இரு நூலையும் கையில் கொடுத்து 'மெல்லிய', 'தடித்த', 'கூடுதல்', 'குறைவு' என்று நான்கு சொற்களைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்ல வைக்கலாம். திருத்தணி மலையின் படிகள் 365 என்பது இப்பகுதியில் யாவரும் அறிந்தது. ஆண்டின் நாள்களும் அத்தனையே. நூறு, அறுபது, ஐந்து என்னும் இடமதிப்பை அதைவிட நன்றாகக் காட்டும் கருவி எங்கே கிடைக்கும்?

தாய்மொழி வேறாயின் ஆங்கில வழியே தீர்வு என்று கருதும் பெற்றோர் பலர். ப்ளஸ், மைனஸ் என்று பிள்ளை ஒப்பிப்பது கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் வீட்டில் ஒருவரும் வழங்காத சொல்லுக்குப் பிள்ளை எந்தப் பொருளைப் பொருத்திக்கொள்ளும்? 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் கட்டாய மொழியாயிற்று. அதை நான் வரவேற்கிறேன். அதைக் கற்பிக்கும்போது பிள்ளையின் வீட்டுச் சொல்லை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்லுதல் வேண்டா என்பதே என் வேண்டுகோள். "தக்குவ" என்ற சொல்லை வகுப்பில் ஒருமுறை அனுமதித்தால் 'குறைவு' என்ற சொல் அதன் தோள்மீது ஏறி உள்ளே வந்துவிடும். முதல் ஈராண்டுக்கேனும் கணக்கு வேளையில் ஆசிரியர் இரு மொழியிலும் கேட்கட்டும். விடையை எம்மொழியில் சொன்னாலும் ஏற்கட்டும். அதன்பின் தமிழ்ச் சொல்லை எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும்.

நம் துறை மாணவர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் நாட்டுப்புறப் பாடல் தொகுக்க ஊர் ஊராகச் செல்கிறார்கள். இவ்வாண்டு அவர்கள் ஆர்.கே.பேட்டை ஒன்றியத்துத் தறிவீடுகளுக்குச் சென்று எண், அளவு, பங்கு, ஒப்பீடு பற்றிய சொற்களைத் தமிழ், தெலுங்கு, உருது மூன்றிலும் தொகுக்கலாம். பாவு, ஊடை, தார், சிட்டம் என்று தொடங்கினால் இருநூறு சொற்களாவது தேறும். எண்சுவடி ஓதிய முதியவர் எவரேனும் எஞ்சியிருந்தால் அவர் குரலைப் பதிவு செய்துவிடுதல் நலம். அதற்குக் காலம் அதிகம் இல்லை. ஜமாஅத் பெரியவர்கள் மாலை மதரஸாவில் அலிஃப், பே ஓதும் சிறார்க்கு ஓத்து முடிந்தபின் பத்து நிமிடம் ஒதுக்கி, பேரீச்சங்கொட்டையைக் கொண்டு எத்தனை, எவ்வளவு, மீதி, பாதி என்று பேச்சுக் கொடுக்கலாம். தொகுத்த சொற்களை நாற்பது பக்கச் சிறுநூலாக்கி அவ்வொன்றியத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவர் கையிலும் சேர்ப்பிக்கும் செலவு, இம்மலரின் அட்டையை வண்ணத்தில் அச்சிடும் செலவினும் மிகாது. துறைத்தலைவர் இசைந்தால் வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம். முதற்சொல் என்னிடம் இருக்கிறது.